காளவாய் மேட்டுப் பூங்கா

பூங்காக் கமிட்டியில் ஒரு பெண்ணும் இருக்க வேண்டும் என்று முதலில் சொன்னது யார் என்று எனக்குத் தெரியாது. சென்னையிலிருந்து வரும் பெரிய மனிதர்கள் கேட்டால் காட்டுவதற்கு ஒருத்தி வேண்டும் என்று நினைத்திருக்கலாம். ஐம்பதுகளின் பிற்பாதி அது. பாலக்கரையில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் ஆசிரியை. ஒரு நாள் மத்தியானம் இரண்டு பேர் வந்து தலைமையாசிரியையின் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலை வைத்திருந்தவர். திருச்சியில் பெரிய வீடாகக் கட்டிக்கொண்டு குடிவந்து, எங்கள் வட்டாரத்து நலச் சங்கத்துக்குத் தலைவராகவும் ஆகியிருந்தார். கூட வந்தவர் ஓய்வு பெற்ற ஓவர்சியர். சங்கத்துக்காகப் பூங்காவின் பிளான் போடுபவர் அவர்தான். படித்தவளாகவும் இந்தப் பக்கத்தைத் தெரிந்தவளாகவும் ஒரு பெண் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. சுருட்டுச் சுற்றிப் பிழைத்தவர் என் அப்பா. அவர் இறந்த பிறகும் அம்மா அதே வீட்டில் இருந்துகொண்டு அதே சுருட்டைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுப் பெண்ணை ஆலை முதலாளி எழுந்து நின்று "வாங்க டீச்சரம்மா" என்றார். அன்று சாயங்காலம் ஸ்ரீரங்கத்தில் புகுந்த வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில், காவேரிப் பாலத்தின் மேல், நான் கமிட்டி மெம்பர் என்று மனசுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

பூங்காவுக்கென்று ஒதுக்கியிருந்த இடம் நான் பிறந்து வளர்ந்த தெருவை ஒட்டிய பழைய காளவாய் மேடு. எந்தக் காலத்திலோ செங்கல் சுட்ட இடம். மண்ணை வெட்டி எடுத்த பள்ளங்களும், வெந்தும் வேகாமலும் கிடந்த செங்கல் குவியல்களும், அவற்றின் மேல் எருக்கும் வேலிகாத்தானும் மண்டிப்போய் இருக்கும். பகலில் பார்ப்பவர்களுக்கு அது வெறும் புறம்போக்கு. எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் கொல்லை கிடையாது. வாசலைத் திறந்தால் சாக்கடை, பின்சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த தெரு வீட்டின் பின்சுவர். ஆண்கள் எங்கே வேண்டுமானாலும் போனார்கள். பெண்களுக்கு அந்த மேடுதான். கிழக்கு வெளுப்பதற்கு முன்னால் ஒரு தரம், விளக்கு வைத்த பிறகு ஒரு தரம், நாலைந்து பேராகச் சேர்ந்து போவோம். "மேட்டுக்குப் போலாமா" என்று வாசலில் நின்று கூப்பிட்டால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். எதிர் வீட்டு அக்காதான் என்னைக் கூட்டிப்போவாள். எனக்கு அவள் ஏழெட்டு வயது மூத்தவள்.

அதை இனிமையான நினைவாகச் சொல்ல வரவில்லை. மழைக்காலத்தில் பள்ளங்களில் தண்ணீர் தேங்கிவிடும். பன்றிகள் முதுகில் முட்டும். பகலில் வயிற்றைக் கலக்கினால் பல்லைக் கடித்துக்கொண்டு இருட்டுவதற்காகக் காத்திருக்க வேண்டும். மத்தியானத்துக்குப் பிறகு தண்ணீர் குடிக்காமல் இருக்க நாங்கள் எல்லோரும் பழகியிருந்தோம். பிறகு ஆசிரியையாகி வகுப்பில் நின்றபோது, தண்ணீர்ப் பானையின் பக்கமே போகாத பெண் பிள்ளைகளைப் பார்த்து, இவள் எந்தத் தெரு என்று என்னால் சொல்லிவிட முடிந்தது.

கமிட்டி தலைவருடைய வீட்டுக் கூடத்தில் கூடும். ஓவர்சியர் பிளானை மேஜை மேல் விரிப்பார். அது சுருண்டுகொள்ளாமல் இருக்க நான்கு மூலையிலும் காப்பி டம்ளர்களை வைப்பார்கள். என்னையும் சேர்த்து ஐந்து பேர். ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு வக்கீல் வந்துகொண்டிருந்தார். அவருடைய குடும்பத்தார் தலைமுறையாகக் கோயிலுக்குப் புஷ்ப கைங்கரியம் செய்பவர்கள். செடி கொடிகளைப் பற்றி அவர் பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். பூங்கா ஒரு நந்தவனம் மாதிரி இருக்க வேண்டும், மகிழமும் பவழமல்லியும் வைக்க வேண்டும், சாயங்காலம் வாசலில் நுழையும்போதே மணக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. தலைவருக்கு நீரூற்று. மைசூரில் எங்கோ பார்த்துவிட்டு வந்திருந்தார். நடுவில் வட்டமாகத் தொட்டி, அதில் ஒரு கொக்கு, அதன் வாயிலிருந்து தண்ணீர் பீச்ச வேண்டும். ஐந்தாவது ஆள் பெரிய கடைவீதியில் கைலி மொத்த வியாபாரம் செய்த ஒரு சாயபு. அவர் அதிகம் பேசமாட்டார். பெண்களுக்குத் தனியாக ஒரு பகுதி வேண்டும், அதற்கு மறைப்பு வேண்டும் என்று மட்டும் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார். நிக்காஹ் வீட்டுக்குப் போவதைத் தவிர தன் வீட்டுப் பெண்கள் வெளியே வருவதே இல்லை, மொட்டை மாடியில் நின்றுதான் காற்று வாங்குகிறார்கள் என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

பெண்களுக்கு என்ன வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். நிழலில் பெஞ்சு வேண்டும், சாய்மானம் வைத்த பெஞ்சாக இருந்தால் கைக்குழந்தைக்காரிகளுக்கு வசதி என்றேன். தலைவர் உடனே ஓவர்சியரைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். ஊஞ்சல்களை மண்தரையில் போட வேண்டும், சிமெண்டுத் தளத்தில் வேண்டாம் என்றேன். அதையும் குறித்துக்கொண்டார்கள். இப்படியே இரண்டு கூட்டம் போயிற்று. மேட்டைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. எப்படித் திறப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நான்கு ஆண்கள் நடுவில், எவர்சில்வர் தட்டில் முறுக்கை வைத்துக்கொண்டு, அதை என்ன வார்த்தையில் சொல்வது?

அந்தச் சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்கப் போனேன். புகையிலையும் பலகையுமாக அவள் உட்கார்ந்திருந்தாள். நான் பூங்காவைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தேன். பவழமல்லி, ஊஞ்சல், ரேடியோ, ஒலிபெருக்கியில் செய்தி, சாயங்காலம் நீயும் போய் உட்காரலாம் என்றெல்லாம் சொன்னேன். அவள் கையை நிறுத்தாமல் கேட்டாள்.

"சுவரு வைப்பாங்களா?"

வைப்பார்கள் என்றேன்.

"எந்தப் பக்கம்?"

"நாலு பக்கமும்தான்."

சுற்றிக்கொண்டிருந்த சுருட்டை முடித்து, நுனியை நறுக்கி, கட்டோடு சேர்த்து வைத்தாள். அதன் பிறகு "அப்ப நாங்க?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். எனக்கு அந்த வீட்டில் அதற்கு மேல் உட்கார முடியவில்லை.

மூன்றாவது கூட்டத்தில் பூங்காவை எத்தனை மணிக்குத் திறந்து எத்தனை மணிக்குப் பூட்டுவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் மட்டும் திறந்தால் போதும், காலையில் திறந்தால் கண்ட கண்ட ஜனங்கள் நுழைந்து அசுத்தம் பண்ணிவிடுவார்கள், இப்போதே அந்த இடத்தில் கால் வைக்க முடியவில்லை என்று தலைவர் சொன்னார். வக்கீல் மூக்கைப் பொத்துவது போல ஒரு சைகை செய்து சிரித்தார். ஓவர்சியரும் சிரித்தார். நான் முறுக்குத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னேன்.

"அந்தக் கண்ட கண்ட ஜனத்துல நானும் ஒருத்திங்க. கல்யாணம் ஆகிற வரைக்கும் அந்த மேட்டுக்குத்தான் போனேன். எங்கம்மா இன்னைக்குக் காலையில கூட அங்கதான் போயிருப்பாங்க. அந்தத் தெருவுல எந்த வீட்டுலயும் வேற இடம் கிடையாது. நீங்க சுவரு கட்டினப்புறம் அவங்க எங்க போவாங்கன்னு இந்தப் பிளான்ல எங்கயாவது போட்டிருக்காங்களா?"

காப்பி கொண்டு வந்த சமையல்காரர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். வக்கீல்தான் முதலில் தொண்டையைச் செருமினார். குரலை உயர்த்தாமல், மரியாதையாகவே சொன்னார். "டீச்சர் மனசு எனக்குப் புரியறது. ஆனா ஒரு ஸ்திரீ நாலு பேர் இருக்கற சபையிலே பேசற விஷயமில்லே இது. தனியா ஓவர்சியர் காதுலே போட்டிருக்கலாம்." தலைவர் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயபுதான் என் பக்கம் பேசினார். டீச்சரம்மா சொல்வது நியாயம், பெண்கள் பகுதி என்று ஒன்று வைத்தால் அதில் கழிப்பிடம் இல்லாமல் எப்படி, தன் வீட்டுப் பெண்கள் வந்தாலும் அவர்களுக்கும் வேண்டும்தானே என்றார். அதன் பிறகு ஓவர்சியர் பென்சிலை எடுத்தார். அந்தப் பக்கம் பாதாளச் சாக்கடை இல்லை, எடுப்புக் கக்கூஸ் வைத்தால் தினமும் அள்ளுவதற்கு ஆள் வேண்டும், செப்டிக் டேங்க் வைத்து வரிசையாக நான்கு அறை போடலாம் என்றார். கதவு தெருப் பக்கம் திறக்க வேண்டும், பூங்காவைப் பூட்டினாலும் அது திறந்திருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன். அதையும் வரைந்தார். வடகிழக்கு மூலையில் ஒரு சின்னச் சதுரம். அந்தச் சதுரத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தது நினைவிருக்கிறது.

சாயபு அதற்குப் பதிலாக என்னிடம் ஒன்று கேட்டார். பெண்கள் பகுதியின் சுவர் ஆள் உயரத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்று நானும் சொல்ல வேண்டும். சொன்னேன். ஒரு பெண்ணே கேட்கிறாள் என்றதும் தலைவருக்குப் பிடித்துப்போயிற்று. ஒரு பகுதிக்கு மட்டும் உயரமாகக் கட்டினால் பார்வைக்கு நன்றாக இருக்காது, சுற்றுச்சுவர் முழுவதையுமே அந்த உயரத்துக்குக் கட்டிவிடலாம், ஒருத்தரும் ஏறிக் குதிக்க முடியாது என்றார். நான் தலையாட்டினேன்.

நான் பேசியது எனக்கு முன்னால் பாலத்தைக் கடந்து ஸ்ரீரங்கம் போய்ச் சேர்ந்தது. என் கணவர் ஒரு பஸ் கம்பெனியில் கணக்கு எழுதினார். அந்தக் கம்பெனியின் கேஸ்களைப் பார்த்தவர் அதே வக்கீல். அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருக்கமாட்டார். கமிட்டியில் உங்கள் ஆத்துக்காரி தைரியமாகப் பேசினாள் என்றுதான் ஆரம்பித்திருப்பார். அங்கிருந்து அது கண்டக்டர், டிரைவர் வரைக்கும் போயிற்று. கணவர் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்தார். மாமியார் உள்ளே இருந்தாள். அவர் மெதுவாகக் கேட்டார்.

"பொண்ணு பாக்க வந்தப்ப ஒரு கொல்லையும் கிணறும் காட்டினாங்களே, அது யாரு வீடு?"

அது எங்கள் வீடு இல்லை. சுருட்டுக் கம்பெனி கணக்குப்பிள்ளையின் வீடு. பெண் பார்க்க வருகிறவர்கள் ஸ்ரீரங்கத்துக்காரர்கள், கொல்லை இல்லாத வீட்டில் பெண் எடுக்கமாட்டார்கள் என்று அப்பாவுக்குப் பயம். ஒரு பகலுக்கு அந்த வீட்டைக் கேட்டு வாங்கி, எங்கள் பாயையும் பாத்திரத்தையும் கொண்டுபோய் வைத்து, அங்கே என்னை உட்கார வைத்தார்கள். கல்யாணம் கோயில் மண்டபத்தில் நடந்தது. மறுவீட்டுக்கும் ஏதோ காரணம் சொல்லிச் சமாளித்தார்கள். அப்பா இறந்தபோது தெருவுக்கு வந்த என் புகுந்த வீட்டார், குடித்தனம் மாறிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். அவ்வளவு வருஷம் நின்ற பொய்யை நான்கு பேர் முன்னால் நானே உடைத்திருந்தேன். பேசும்போது அது எனக்கு நினைவுக்கே வரவில்லை.

உண்மையைச் சொன்னேன். கணவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வெகுநாள் வரை என்னிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. மாமியார் நேரடியாக ஒன்றும் சொல்லாமல், பக்கத்து வீட்டுக்காரிகளிடம் பேசும்போது என்னை "மேட்டுக்காரி" என்று சொல்ல ஆரம்பித்தாள். எனக்குக் காது கேட்கும் தூரத்தில்தான் சொல்வாள்.

இருந்தாலும் அந்தச் சின்னச் சதுரம் பிளானில் இருந்தது. அதற்காக இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தெருவுக்குப் போய் எதிர் வீட்டு அக்காவையும் மற்றவர்களையும் கூப்பிட்டுச் சொன்னேன். கதவு உங்கள் பக்கம்தான் திறக்கும், தண்ணீர்த் தொட்டி உண்டு, விளக்கும் போடுவார்கள் என்றேன். அக்கா என் கன்னத்தை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் விரல்களைச் சொடுக்கினாள். எங்களில் ஒருத்தி படித்தது வீண் போகவில்லை என்றாள். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, முதலில் அதைக் கட்டிவிட்டுப் பிறகு சுவரை எழுப்பச் சொல்லேன் என்றாள். நான் அதைக் கமிட்டியில் கேட்டேன். ஓவர்சியர் சிரித்தார். சுவர் இல்லாமல் செடி வைத்தால் ஆடுகள் மேய்ந்துவிடும், எந்த வேலைக்கும் சுவர்தான் முதல் என்றார்.

அப்படியே நடந்தது. லாரி லாரியாக மண் வந்து பள்ளங்களை மூடியது. வேலிகாத்தானை வெட்டிக் கொளுத்தினார்கள். நான்கு பக்கமும் சுவர் எழும்பியது. தெருப் பெண்கள் கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் இருந்த தண்டவாளக் கரைக்குப் போக ஆரம்பித்தார்கள். நல்ல தூரம். சரளைக்கல்லில் ஏறி இறங்க வேண்டும். கொஞ்ச நாளைக்குத்தான் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். அடுத்த முறை போனபோதும் அதையேதான் சொன்னேன்.

கமிட்டிக் கூட்டத்துக்கு எனக்கு அழைப்புச் சீட்டு வருவது நின்றுபோயிற்று. பள்ளிக்கூடம் நடக்கிற நேரத்தில் தொந்தரவு வேண்டாம் என்று விட்டுவிட்டதாகப் பிறகு சொன்னார்கள். ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து சாயபு நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வேப்பமரத்தடியிலேயே நின்றுகொண்டு சொன்னார். அப்போது சிமெண்டு பெர்மிட்டில்தான் கிடைக்கும். வந்ததில் பெரும் பகுதி சுவருக்குப் போயிற்று. மிச்சம் கழிப்பிடத்துக்கோ நீரூற்றுத் தொட்டிக்கோ ஏதாவது ஒன்றுக்குத்தான் காணும். திறப்பு விழாவுக்குச் சென்னையிலிருந்து பெரிய மனிதர் வருகிறார், நீரூற்று இருந்தே ஆக வேண்டும் என்று தலைவர் முடிவு செய்துவிட்டார். நான்கு அறைக்குப் போட்ட அஸ்திவாரத்தின் மேல் ரேடியோ அறை வரப்போகிறது.

"நான் ஒருத்தன்தாம்மா வேணான்னேன். முன்வாசல்ல கொக்கு, பின்வாசல்ல கக்கூஸான்னு தலைவரு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சுட்டாங்க. அதுக்கு மேல என்ன பேசறது? உங்ககிட்ட வாக்குக் குடுத்தவன் நான், அதனால நானே வந்து சொல்றேன்."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அன்று சாயங்காலமே தலைவர் வீட்டுக்குப் போனேன். அவர் என்னை உட்கார வைத்து, மனைவியைக் கூப்பிட்டுக் காப்பி கொடுக்கச் சொன்னார். அவருடைய பேச்சில் கடுமை ஏதும் இல்லை. அடுத்த வருஷம் பெர்மிட் வரும், அப்போது கட்டிவிடலாம், நான் மறுக்கவில்லையே என்றார். தெருப் பெண்கள் தண்டவாளத்துக்குப் போகிறார்கள் என்றேன். அதுவும் தெரியும் என்றார். பிறகு, எனக்கு ஒரு விஷயத்தைப் புரிய வைப்பது போலச் சொன்னார்: "பூங்கான்னா பூ வாசனை வரணும் டீச்சரம்மா. அவங்க இத்தனை நாள் சமாளிச்சவங்க. இனிமேயும் சமாளிச்சுக்குவாங்க."

கமிட்டியிலிருந்து விலகுவதாகக் கடிதம் எழுதினேன். கணவர் அதை அனுப்ப விடவில்லை. இவ்வளவு பேசிவிட்டு இப்போது விலகினால், கேட்டது கிடைக்காத ஆத்திரம் என்று வக்கீல் சொல்வார், கம்பெனியில் நான் தலைகாட்ட வேண்டாமா என்றார். வெகுநாள் கழித்து அவர் என்னிடம் நீளமாகப் பேசியது அன்றைக்குத்தான். அதற்காகவே நான் அடங்கிப்போனேன்.

திறப்பு விழாவில் எனக்கு மேடையில் நாற்காலி போட்டிருந்தார்கள். சென்னையிலிருந்து வந்த பெரியவருக்குப் பக்கத்து வரிசை. தலைவர் வரவேற்றுப் பேசும்போது என்னைப் பெண்குலத்தின் பிரதிநிதி என்றார். இந்தச் சுவர் இவ்வளவு உயரமாக இருப்பதற்குக் காரணமே நம் டீச்சரம்மாதான், பெண்கள் பயமில்லாமல் வந்துபோக வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர் என்றார். ஒலிபெருக்கியில் அது தெரு முழுக்கக் கேட்டிருக்கும். மாலை போட்டார்கள். கொக்கு கொஞ்சநேரம் தண்ணீர் பீச்சியது. கூட்டத்தில் எங்கள் தெருப் பெண்கள் ஒருத்தியும் இல்லை. ஆண்கள் வந்து சுண்டல் வாங்கிக்கொண்டு போனார்கள்.

பெண்கள் பகுதிக்குச் சாயபு வீட்டுப் பெண்கள் சில வெள்ளிக்கிழமைகள் வந்தார்கள். அந்தச் சுவரின் மேலேயே பையன்கள் ஏறி உட்கார்ந்து எட்டிப் பார்க்க ஆரம்பித்ததும் அவர்களும் நின்றுவிட்டார்கள். பிறகு தோட்டக்காரர் பூந்தொட்டிகளை அங்கே அடுக்கி வைத்தார். சாய்மானம் வைத்த பெஞ்சுகளை ஆண்கள் பகுதிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த வருஷம் பெர்மிட் வந்ததா என்று நான் கேட்கவில்லை. வந்ததாகவும், பூங்கா வாசலில் வளைவு கட்டியதாகவும் யாரோ சொன்னார்கள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் காலை வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது தெருவிலிருந்து ஆள் வந்தது. கூட்ஸ் ஷெட்டில் சாமான் திருட்டுப் போயிருக்கிறது. அங்கிருந்த வாட்ச்மேன்கள் விடியற்காலையில் கரைப் பக்கம் வந்த பெண்களை மடக்கி வைத்திருக்கிறார்கள். அதில் என் அம்மாவும் ஒருத்தி. நான் போனபோது வெயில் ஏறிவிட்டது. ஷெட் வாசலில், சாலையைப் பார்க்க, அவர்களைத் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். அவர்கள் கையில் கொண்டு போன சொம்புகளையும் தகர டப்பாக்களையும் அவர்களுக்கு முன்னால் வரிசையாக வைத்திருந்தார்கள். அரியமங்கலம் பட்டறைகளுக்கு வேலைக்குப் போகிற ஆண்கள் சைக்கிளை நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். அம்மா முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள். சொம்பை வைத்துத்தான் அவளை அடையாளம் கண்டேன்.

நான் ஆசிரியை என்று சொல்லிப் பேசியதும் விட்டுவிட்டார்கள். வாட்ச்மேன்களில் ஒருவர், படித்தவங்களா இருக்கீங்க, இவங்களுக்கு நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதா என்று எனக்கே புத்தி சொன்னார். நான் அம்மாவின் சொம்பை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

தெருவுக்குத் திரும்பி நடந்தோம். பூங்காச் சுவரின் ஓரமாகத்தான் வழி. பாதி வழியில் அக்கா நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவங்க சுவரு கட்டினா நாங்க கல்லெடுத்து அடிச்சிருப்போம்டி. உன்னைய முன்னால நிறுத்தினாங்க, நீ வந்து கதவு வரும், லைட்டு வரும்னு சொன்ன. நாங்க வாயைப் பொத்திக்கிட்டு இருந்தோம். அதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டிருக்காங்க. உனக்குப் புரிஞ்சுதா, இல்லையா?"

நான் கமிட்டியில் பேசியதை, அதற்காக என் வீட்டில் பட்டதை, தலைவர் வீட்டுக்குப் போனதை எல்லாம் சொல்ல நினைத்தேன். சொல்லி என்ன ஆகப்போகிறது? அம்மாவைப் பார்த்தேன். அவளுக்கு எல்லாம் தெரியும். இவள் கேட்டாள், அவர்கள்தான் செய்யவில்லை என்று ஒரு வார்த்தை அவள் சொல்லியிருக்கலாம். அவள் சொம்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். அக்கா அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. எங்களிடம் படித்த அவளுடைய மகளின் கல்யாணப் பத்திரிகை பள்ளியில் எல்லா ஆசிரியைகளுக்கும் வந்தது. எனக்கு வரவில்லை.

அதற்கப்புறம் அம்மாவை அங்கே விட்டு வைக்க எனக்கு மனசு வரவில்லை. சம்பந்தி வீட்டில் போய்க் கிடப்பதா என்று அவ்வளவு நாள் மறுத்தவள், இப்போது கூப்பிட்டதும் வந்துவிட்டாள். கணவர் தடை சொல்லவில்லை. தன் கட்டிலைக் கூடத்தில் அவளுக்காகப் போட்டுக் கொடுத்தார். அதை நான் மறக்கக் கூடாது. மாமியார் முதல் நாளே கொல்லைக் கோடிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டி, "இங்கே மேடு தேட வேண்டாம்" என்றாள். வேடிக்கையாகச் சொன்னது போலச் சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். இருட்டிலேயே எழுந்து பழகியவள், எங்கள் வீட்டிலும் அப்படியே எழுந்து, கிணற்றடியில் நின்றுகொண்டிருப்பாள். மாமியார் போய்விட்டு வரும் வரை தான் போகமாட்டாள். யாரும் அப்படி நிற்கச் சொல்லவில்லை. வேண்டாம் என்று நான் எத்தனையோ முறை சொன்னேன்.

பூங்காவைப் பற்றி எங்களுக்குள் பேச்சே வராது. ஒரே ஒரு முறை, கண் ஆஸ்பத்திரிக்கு அவளை அழைத்துக்கொண்டு போனபோது, பஸ் அந்தச் சுவரை ஒட்டித் திரும்பியது. உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். "சுவரு நல்லாத்தான் கட்டியிருக்காங்க" என்றாள். குத்திக் காட்டினாளா, பார்த்ததைச் சொன்னாளா என்று அன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை, இப்போதும் தெரியாது. அதற்குப் பிறகு அவள் இரண்டு வருஷம்கூட இருக்கவில்லை.

அறுபதுகளின் கடைசியில் ஊருக்கு மேற்கே புதிதாக மனைகள் பிரித்தார்கள். அங்கேயும் ஒரு சங்கம், அங்கேயும் ஒரு பூங்கா. சங்கத்துக் காரியதரிசி ஓர் இளைஞர். என்னிடம் படித்த பெண்ணின் தம்பி. அவர் ஸ்ரீரங்கத்துக்கு வீடு தேடி வந்தார். பழைய பூங்காவுக்கு யோசனை சொன்ன அனுபவம் உங்களுக்கு இருக்கிறது, எங்கள் கமிட்டிக்கும் ஒரு பெண் வேண்டும், நீங்கள் வர வேண்டும் என்றார். நல்ல பையன். கண்ணைப் பார்த்துப் பேசினார். தலைவர் வீட்டுக் கூடத்தில் நான் பேசியதைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. சுவரைப் பற்றித்தான் கேள்விப்பட்டிருந்தார். அதைப் பாராட்டவும் செய்தார்.

எனக்கு இப்போது முடியாது, அந்த மனைகளுக்குப் பக்கத்தில் குடிசை போட்டிருக்கிறவர்களில் ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். நான் வேடிக்கை செய்வதாக நினைத்து அவர் சிரித்தார்.

"அவங்களுக்கு மீட்டிங்ல எல்லாம் பேச வராதுங்களே, டீச்சர்."

எனக்கு நன்றாகப் பேச வந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு, போயிட்டு வரேங்க என்று சொல்லிவிட்டுப் போனார். டாக்டர் ஒருவரின் மனைவி அந்தக் கமிட்டியில் சேர்ந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். அந்த அம்மாளை எனக்குப் பழக்கமில்லை. ஒரு நடை போய்ப் பார்த்து, நடந்ததைச் சொல்லிவிட்டு வரலாமா என்று கொஞ்ச நாள் யோசித்தேன். போகவில்லை.